வலப்பக்கச் சாய்மானம்

அம்மா என் வண்டியில் கடைசியாக ஏறி நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று ஒலக்கூர் தாண்டி ஒரு வேகத்தடை. பார்த்தேன், ஏறிக் குதித்துவிடலாம் என்று நினைத்தேன். பின்சக்கரம் தூக்கிப்போட்டதில், புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவள் மல்லாந்து சாலையில் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டார். மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸுக்குப் போய் நின்றாள், அவ்வளவுதான்.

அவளுக்குத் திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில் வேலை. எனக்கு விழுப்புரத்தில். பாதித் தூரம் ஒரே சாலை. தினமும் காலையில், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அம்மாவைத் தாண்டி, பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு நான் போவேன். அவள் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வாள். அந்தச் சில விநாடிகளை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான் பின்சீட்டுக்குச் சாய்மானம் செய்யக் கிளம்பினேன். படித்தது மெக்கானிக்கல். உட்கார்ந்து யோசிப்பதைவிட இரும்பை வாங்கிவிடுவது எனக்குச் சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதே வண்டியில் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை மூட்டையாக ஏற்றுவார், ஆகவே கழற்றி மாட்டுவதாக இருக்க வேண்டும். பின்சீட்டின் கைப்பிடிக் கம்பியில் இரண்டு சதுரக் குழாய்த் துண்டுகள் நிலையாக இருக்கும். சாய்மானத்தின் கால்கள் அவற்றுக்குள் இறங்கும். குறுக்கே ஒரு இரும்புப் பின் செருகினால் நிற்கும். பின்னை உருவினால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு விழுப்புரம் பழைய இரும்புக் கடையில் குழாய் பொறுக்கினேன். திண்டிவனத்து வெல்டிங் கடை அண்ணன் அன்று மாலையே பற்றவைத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் ஆடியது. சைக்கிள் டியூபை வெட்டிக் குழாய்க்குள் சுற்றினேன், ஆட்டம் நின்றது. பெயின்ட் காய்வதற்குள் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இது இன்னாத்துக்குடா?"

"சாய்ஞ்சிக்கத்தாம்மா. இனிமே விழவே மாட்ட."

"வண்டியில உக்காந்தா என் முதுவு எந்தப் பக்கம் இருக்கும்?"

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அவள் உட்கார்ந்தால் கால் இடப்பக்கம், முதுகு வலப்பக்கம். வரையும்போது மட்டும் என் மனத்தில் இருந்தது, இணையப் படங்களில் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்திருந்த யாரோ. நான் செய்தது அம்மாவின் இடது தோளைத்தான் இடிக்கும்.

"பேன்ட் வாங்கிக் குடு, போட்டுக்கினு வர்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். அது சிரிப்பா, கோபமா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வெல்டிங் கடைக்குப் போனேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்சவன் நீதான தம்பி? யோசிக்கக் கூடாது?"

"நீங்க மட்டும்? வீட்ல அண்ணி எப்படி உக்காருவாங்க?"

"அவ எங்க என் வண்டியில உக்கார்றா? ஸ்கூட்டியை எடுத்துக்கினு அவ பாட்டுக்குப் போறா."

அறுத்து, வலப்பக்கக் கம்பிக்கு மாற்றினோம். "ரொம்ப நீட்டிக்கினு இருந்தா பஸ்காரன் இழுத்துக்கினு போயிடுவான்" என்றார். ஹேண்டில்பாரின் நுனியிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தோம். சாய்மானம் நான்கு விரல் உள்ளேயே இருந்தது.

சோதித்துப் பார்க்க அவரே ஏறினார். நல்ல கனமான உடம்பு. லுங்கியை ஒதுக்கி, ஒருபக்கமாக உட்கார்ந்து, துண்டை முந்தானைபோல இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணி, எந்த ஊருக்கு?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"மாமியார் ஊட்டுக்குடா. ஜல்தி போவணும், வழிய விடு!"

வேகத்தடையில் மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். வெல்டிங் தாங்கியது. ஆனால் அந்த இரும்புப் பின் அரை விரல் வெளியே வந்திருந்தது. பின்னின் நுனியில் ஓட்டை போட்டு ஒரு கொக்கி மாட்டினோம். அப்புறம் பத்துத் தடவை ஏற்றினேன். "போதும் தம்பி, இடுப்பு போயிடும்" என்று அண்ணன் இறங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பஸ் ஸ்டாப்பில் அம்மாவுக்கு முன்னால் நிறுத்தினேன். சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள்.

"கழண்டுக்காதா?"

"கொக்கி போட்டிருக்கும்மா."

"கொக்கி கெடக்கட்டும். நீ வேகமா போவியா?"

"மாட்டேன்."

"அன்னிக்கும் கேட்டேன். இதைத்தான் சொன்ன."

வளைவில் பஸ் தெரிந்தது. அம்மா பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

"நாப்பது. அதுக்கு மேல முள்ளு போச்சுன்னா நிறுத்தச் சொல்லி எறங்கிக்குவேன்."

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் ஒரு மொபெட், முட்டைத் தட்டுகள் அடுக்கிய ஒரு டிவிஎஸ், எல்லாம் தாண்டின. ஆக்ஸிலரேட்டரில் என் கை துடித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றினேன். அவள் சாய்ந்தாளா என்று கண்ணாடியில் தேடினேன், பையின் வார்தான் தெரிந்தது. கேட்கத் துணிவில்லை.

தையல் கடை வாசலில் இறங்கிக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"சாய்ந்தரம் ஆறு மணிக்கு வந்துடு."

விழுப்புரத்திலிருந்து பர்மிஷன் போட்டுக் கிளம்பி, ஐந்தரைக்கே போய், செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்தபடி நின்றேன். அவள் ஆறேமுக்காலுக்குத்தான் வெளியே வந்தாள்.