அளக்காத மூன்று வெள்ளிக்கிழமைகள்

ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மூன்று வாரம் நான் பொய் எழுதினேன். எழுதியது மொத்தமே மூன்று எண்கள்தான். இன்றும் மறக்கவில்லை. அறுநூற்று நாற்பது, அறுநூற்று ஐம்பத்தைந்து, அறுநூற்று முப்பது.

பாகூரிலிருந்து கடலை நோக்கிப் போகிற சாலையில் இருந்தது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. நான்கு வகுப்பறை, ஓர் ஆய்வகம், நூறு பேருக்கும் குறைவான பிள்ளைகள். சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனிக் கவனம் கொடுக்க சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தபோது எப்படியோ எங்கள் பள்ளியும் அதில் வந்துவிட்டது. மழையை அளந்தோம், மதிய உணவில் வீணாவதை எடை போட்டோம், வாய்க்காலில் இறங்கித் தவளை முட்டைகளைத் தேடினோம். ஊரில் எங்களைத் 'தண்ணி ஸ்கூல்' என்றார்கள். அதற்குக் காரணம் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கரும்பலகை.

எங்கள் பக்கத்தில் கோடை நீண்டால் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறும். ஒரு வயலில் ஏறும், பக்கத்து வயலில் ஏறாது. அதனால் எங்கள் மிஸ் சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு போர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் மக், நோட்டு ஆகியவற்றோடு கிளம்புவோம். திங்கட்கிழமை காலை எண்கள் பலகையில் ஏறும். எண் ஆயிரத்துக்குள் என்றால் நல்ல தண்ணீர், நீல சாக்பீஸ்; தாண்டினால் உப்பு, சிவப்பு. முதலில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆடி மாதத்துக்குள் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தார்கள். பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

எனக்கு வந்தது, என் அம்மா நடவுக்கும் களைக்கும் போகிற நிலத்தின் போர். வாய்க்கால் ஓரமாக ஒரு மோட்டார் கொட்டாய். நிலத்துக்காரர் பெரும்பாலும் அங்கே கயிற்றுக் கட்டிலில் போனைப் பார்த்தபடி படுத்திருப்பார். "சீக்கிரம் எடுத்துகினு கெளம்பு பாப்பா" என்பார். அவ்வளவுதான். இரண்டு மாதம் அப்படியே போனது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிலில் அவர் இல்லை. அவருடைய மனைவி உள்ளே நின்றிருந்தார். நான் வழக்கம்போல நுழைந்து குழாய்க்கு அடியில் மக்கை நீட்டினேன்.

"ஏய், நில்லு. நீ யாரு பொண்ணு?"

அம்மாவைச் சொன்னேன். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. அம்மாவைச் சொன்னதிலேயே அது தெரிந்துவிட்டது.

"உங்கம்மா இத்தினி வருசமா வர்றாளே, ஒரு நாளு இந்த வாசப்படிய தாண்டியிருப்பாளா? நீ பாட்டுக்கு மக்க தூக்கிகினு நேரா உள்ள வர. ஸ்கூல் டிரஸ் போட்டுட்டா எல்லாம் ஆயிடுமா? வெளிய போ."

வெளியே வந்தேன். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குடம் இருந்தது, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிதண்ணீர். அதை நான் தொடவே இல்லை. அவர் அந்தக் குடத்தைத் தூக்கி, என் கண் முன்னாலேயே வரப்பில் கவிழ்த்தார். தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை நான் ஏன் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மா அதே நிலத்துக்குத்தான் போக வேண்டும். மிஸ்ஸிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்கப் போவார். அவர் கேட்டுவிட்டு வந்துவிடுவார், அங்கே இருக்கப்போவது அம்மா. அன்று இரவு நோட்டில் அறுநூற்று நாற்பது என்று எழுதினேன். போன வாரம் அறுநூற்று இருபது. ஒரே எண்ணைத் திரும்ப எழுதினால் சந்தேகம் வரும், பெரிதாக மாற்றினாலும் வரும். பொய் கொஞ்சம் ஏறி இறங்கத் தெரிய வேண்டும் என்பதை நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதற்கடுத்த வாரமும். பலகையில் என் போருக்கு நேராக நீல நிறத்தில் எண்கள் ஏறின. திங்கட்கிழமை காலைகளில் அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டைக் கடந்தேன்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பீரியட். நிலத்துக்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிடி நாற்று, வேரோடும் சேற்றோடும். நுனியெல்லாம் வெளுத்து, பாதி காய்ந்து சுருண்டிருந்தது.

"இன்னா மிஸ் இது? உங்க போர்ட நம்பி நாத்து உட்டேன். பாருங்க."

மிஸ் நாற்றை வாங்கிப் பார்த்தார். "பூச்சியா இருக்குமா?"

"பூச்சி இல்ல. உப்பு. தண்ணிய வாயில வெச்சி பாத்தேன், அப்பவே ஒரு மாதிரி தான் இருந்துச்சி. போர்டுல நீலத்துல போட்டிருக்கே, படிச்சவங்க போட்டது, நம்ம நாக்கு தான் சரியில்லன்னு உட்டுட்டேன்."

மிஸ் மேசையிலிருந்து மீட்டரை எடுத்து, ஆய்வகத்தில் அளவு தெரிந்து வைத்திருந்த உப்புக் கரைசலில் விட்டுப் பார்த்தார். சரியாகக் காட்டியது. மீட்டரில் கோளாறாக இருக்கட்டும் என்று அதுவரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நீதான எடுத்த?" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ்."

"போன வெள்ளிக்கிழமை?"

"ஆமா."

"சரி வா. இப்பவே போய் எடுத்துடலாம்."

நிலத்துக்காரர் முன்னால் பைக்கில் போனார். நான் மிஸ்ஸின் ஸ்கூட்டரில் பின்னால், மடியில் மக். வழி முழுக்க வாயைத் திறக்கப் பார்த்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திருப்பம் போனது. மதகில் சொல்லலாம் என்று நினைத்தேன். மதகும் போனது.

கொட்டாய்க்கு அந்தப் பக்க வயலில் நான்கைந்து பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி நேரத்தில் என்னைக் கண்டதும் அவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அம்மா. கையிலிருந்த களையைக் கீழே போடாமல் அப்படியே நின்றாள். கொட்டாய்க்குள் நிலத்துக்காரர் வீட்டு அம்மா இருந்தார். நிலத்துக்காரர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாய்ந்து வந்தது. மிஸ் குழாயருகே போய்த் திரும்பிப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன்.

"ஏன் நிக்கிற? மீட்டர எடுத்துட்டு உள்ள வா."

என்னால் முடியவில்லை. வா என்று இன்னொரு தடவை சொன்னார்.

"அவ வரமாட்டா மிஸ்" என்றார் அந்த வீட்டு அம்மா. பகையாகக்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "அவளுக்கு தெரியும். நான் தான் சொல்லி வெச்சிருக்கேன்."

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தை. வெளியே வந்து என் கையிலிருந்து மீட்டரையும் மக்கையும் வாங்கிக்கொண்டு போய்த் தானே அளந்தார். எண் நிலைக்கச் சிறிது நேரம் ஆனது. இரண்டாயிரத்து முன்னூற்று எண்பது.

"நான் அளக்கல மிஸ்" என்றேன். "மூணு வாரமா அளக்கல. நானா எழுதினேன்."

நிலத்துக்காரர் பாய்ந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "நானான்னா? ஒக்காந்த எடத்துல எழுதுனியா? வெத நெல்லு, உழவு, எல்லாம் போச்சிடி! வெளையாட்டா இது?" கத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நின்று மனைவி பக்கம் திரும்பினார். "இன்னா சொன்ன நீ அந்த பொண்ண?"

"இன்னா சொன்னேன்? உள்ள வராதன்னு சொன்னேன். வழக்கம் தான?"

"தண்ணி பாக்க வந்தத ஏன்டி தொரத்துன?"

அவருக்கு வழக்கத்தைப் பற்றிய வருத்தம் எதுவும் இல்லை. நாற்றைப் பற்றிய வருத்தம்தான். அது எனக்கு அப்போதே புரிந்தது. இருந்தாலும், ஏன் என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

அதற்குள் அம்மா வரப்பேறி வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அறை விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ இங்க தானம்மா வேலைக்கி வரணும்."

அம்மா என்னை அடிக்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துக் கேட்டாள். "இத ஏன் மிஸ் இங்க அனுப்புனீங்க? அனுப்புறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே, எங்க போலாம், எங்க போவக் கூடாதுன்னு. உங்களுக்கு தெரியாது. எங்களுக்கு தெரியும்."

"எனக்குத் தோணலைங்க" என்றார் மிஸ் மெதுவாக. ஓர் ஆசிரியர் அம்மாவிடம் அப்படித் தலையைக் குனிந்து பேசி நான் பார்த்ததில்லை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வயலுக்கே திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து களை எடுத்தாள். வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது.

பள்ளிக்கு வந்ததும் மிஸ் பலகையில் என் எண்ணை அழித்துவிட்டுச் சிவப்பில் புதியதை எழுதினார். அதன் கீழே, 'முந்தைய மூன்று வார அளவுகள் தவறு. தவறு பள்ளியுடையது' என்றும் எழுதினார். நோட்டில் என் மூன்று எண்களையும் ஒரே கோடாக அடிக்கச் சொன்னார். பக்கத்தில் 'அளக்கவில்லை' என்றும், அதற்குப் பக்கத்தில் காரணமும் எழுதச் சொன்னார். நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், 'உள்ளே விடவில்லை' என்று எழுதினேன்.

அந்த நோட்டைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டு மிஸ்ஸை அறைக்குக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்றேன்.

"இந்த ஒரு வரி வேணாம் மேடம். ஊர் வம்பு. உடம்பு சரியில்லன்னு எழுதச் சொல்லுங்க."

"சார், பொய்யா எழுதினதத்தான் இப்ப அந்தப் பொண்ண கோடு போட்டு அடிக்க வெச்சிட்டு வர்றேன்."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் நோட்டு அன்றிலிருந்து அவருடைய பீரோவுக்குள் போய்விட்டது. எங்களுக்குப் புது நோட்டு கொடுத்தார்கள்.

அந்தச் சம்பாவுக்கு நிலத்துக்காரர் பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் கேட்டு மறுபடி நாற்று விட்டார். நடவு இருபது நாள் தள்ளிப்போனது. நடவுக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று சொன்னது அந்த வீட்டு அம்மாவா, அவரேதானா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா அந்த வருடம் விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து இரண்டு ஊர் தள்ளி நடவுக்குப் போனாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, என் போரை வேறு ஒருவருக்கு மாற்றிவிடலாமா என்று மிஸ் கேட்டிருந்தார். வேண்டாம் என்றேன். வீம்புதான். சொல்லிவிட்டேனே தவிர, வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க, மாற்றிவிடுங்கள் என்று சொல்ல இரண்டு தடவை ஆய்வக வாசல் வரை போய்த் திரும்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுகிற நேரத்தில் நிலத்துக்காரர் பைக்கில் கேட்டுக்கு வந்தார். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பாட்டில் தண்ணீர்.

"கொட்டாயில புடிச்சது. நீ வர வேணாம். இங்கயே பாத்துடு."

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என்னை அந்த வாசலில் நிற்க வைக்க வேண்டாம் என்று நினைத்தாரா, வாசலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தாரா? இரண்டுமாகவும் இருக்கலாம். பாட்டிலை வாங்கி மக்கில் ஊற்றி மீட்டரை விட்டேன். எண் ஓடி நின்றது.

"எவ்ளோ பாப்பா?"

"ரெண்டாயிரத்து நூறு."

"நெசமா?"

மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மழை வந்து உப்பு இறங்கியது. ஆயிரத்து நானூறு, தொள்ளாயிரம், எழுநூறு. பலகையில் மறுபடி நீலம் வந்தது. அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டிலோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைச் சொன்னதும் "நெசமா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு வாரம்கூட அதைக் கேட்காமல் விட்டதில்லை. நானும் ஒரு வாரம்கூட மீட்டரைத் திருப்பிக் காட்டாமல் இருந்ததில்லை.