மாதம்மா கலந்த பவுடர்

தர்மபுரியில் எனக்குத் தெரிந்த போட்டோ ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. உள்ளே எந்த நிறத்தில் வேண்டுமானாலும் போகலாம்... படத்தில் எல்லோரும் ஒரே வெள்ளை!

கண்ணாடிக்கு முன்னால் பெரிய பவுடர் டப்பா. அதற்குள் முயல்குட்டி மாதிரி ஒரு பஃப். போகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்து முகத்தில் அப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டு மாதம்மாவுக்குத் துணையாக அங்கே போனேன். மாதம்மாவுக்குப் பிறந்த ஊர் பாப்பாரப்பட்டி. கல்யாணமான சூட்டோடு புருஷன் பட்டாளத்துக்குப் போய்விட்டார். எங்கோ கடல் கடந்த தேசத்தில் லாரி ஓட்டுகிறாராம். ‘உன் போட்டோ ஒன்று அனுப்பு’ என்று எழுதியிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் போடும்மா. அப்பத்தான் பளிச்சுனு வுழும்” என்றார் ஸ்டூடியோ வைத்திருக்கும் சலீம் பாய். மாதம்மா போட்டாள். பாய் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். ஆயிற்று.

மறு வாரம் படம் வந்தது. முகம் வெள்ளை, கழுத்து கறுப்பு. நடுவில் கண் இரண்டும் மாவில் விழுந்த மிளகு! மாதம்மா அதைப் பார்த்தபடியே நின்றாள்.

“நல்லாத்தானே இருக்கு?” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“அக்கா, அவரு என்னை நாலு நாளு சேந்தாப்பல பாத்ததில்லைங்க. இந்த மூஞ்சிய அனுப்புனா, மனசுல இதுதானுங்களே நிக்கும்? நாளைக்கு வூட்டுக்கு வந்து இவளைத் தேடுனா, நான் எங்கீங்க போறது?”

படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“அப்போ பவுடரே போடாமல் எடுத்துவிடலாம்” என்றேன்.

“ஐயோ, இந்த வேர்வையில நெத்தியும் மூக்கும் விளக்கெண்ணெய் தடவுன மாதிரி மின்னுமுங்களே! பவுடர் வேணுமுங்க. ஆனா என் நெறத்துல வேணும்.”

என் நிறத்தில்! எங்கே போவது? இந்த யுத்த காலத்தில் டப்பா கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் வெள்ளை, இல்லாவிட்டால் ரோஸ். களி தின்று, காட்டு வெயிலில் நிற்கிற நம் ஊர்க் கன்னத்தை நினைத்து எந்தக் கம்பெனிக்காரனாவது பவுடர் செய்திருக்கிறானா?

பாய் வேறு கையை விரித்தார். “படம் புடிக்கிற கண்ணாடி பிளேட் ஒண்ணுதாம்மா கைவசம் இருக்கு. அடுத்தது எப்ப வருமோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.” அதாவது, இந்தத் தடவை தவறினால் போட்டோ இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாதம்மா என்னிடம் பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டாள். கோலத்துக்கு இழுக்கிற காவியை இடித்து மல்துணியில் சலித்தாள். பவுடரில் ஒரு சிட்டிகை கலந்து, தாடையோரம் தடவி, வெயிலில் வந்து நின்றாள்.

“தெரியுதுங்களா?”

தெரிந்தது. இன்னும் கொஞ்சம் காவி. இப்போது சிவப்படித்தது. யோசித்தாள்... அடுப்புக்கரியைப் பொடித்து, துளியூண்டு சேர்த்தாள்.

“இப்பங்க?”

எந்தப் பக்கம் தடவினாள் என்றே எனக்குத் தெரியவில்லை!

நானும் வருஷக்கணக்காகப் பவுடர் போடுகிறவள்தான். டப்பாவின் மேலிருக்கிற படத்தைப் பார்த்து வாங்குவதோடு சரி. தாடையில் தடவி வெயிலில் பார்க்கலாமே என்று ஒரு நாளாவது தோன்றியதுண்டா? அன்றைக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஸ்டூடியோவில் அவள் பவுடர் போட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் கழுவித் துடைத்து, வேர்வை அடங்கும் மட்டும் விசிறிக்கொண்டாள். பஃப் பக்கமே போகவில்லை. பஞ்சில் தொட்டு, உதறிவிட்டு, நெற்றியிலும் மூக்கிலும் மோவாயிலும் ஒற்றினாள். தேய்க்கவில்லை — ஒற்றினாள். பஞ்சில் மிச்சமிருந்ததைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“பவுடர் போட்டாச்சாம்மா?” என்றார் பாய்.

“போட்டாச்சுங்க பாய்.”

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பாவம்!

படம் வந்தது. கன்னத்து அம்மைத் தழும்பு உட்பட, அப்படியே மாதம்மா. அன்றைக்கே தபாலில் சேர்த்தோம்.

அப்புறம் பதிலே இல்லை. வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. தபால்காரர் தெருவில் நுழைந்தால் மாதம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். அவர் தாண்டிப் போனதும் உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்:

“வெள்ளை போட்டோவையே அனுப்பியிருக்கலாமுங்களா அக்கா? அவருக்குப் புடிக்காமப் போயிருச்சோ என்னமோ...”

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

சென்ற வாரம் பதில் வந்தது. என் முன்னாலேயே பிரித்து வாய்விட்டுப் படித்தாள். ‘கவரைப் பிரித்ததும் நீயே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான் என் சம்சாரம் என்று கூட இருக்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன்...’

மாதம்மாவுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனவள், குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிப் படித்தேன்.

‘ஆனால் ஒன்று. போட்டோவுக்கு நிற்கும்போதாவது கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டிருக்கக் கூடாதா?’

பட்டாளத்திலிருந்து மாதம்மாவுக்கு வந்த மெடல் அது!