மோட்டார் கொட்டகை வேம்பு

சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்யும் நிலத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. குத்தகைக்காரன் மரம் வைத்தால் நிலத்துக்கே சொந்தம் கொண்டாடப் பார்க்கிறான் என்பார்கள். அதனால் என் மாமியார் காலத்திலிருந்து வெயிலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

நிலத்துக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார். கடலூரில் இருக்கும் அவருடைய மகன், நிலத்தைப் பார்க்க வருகிறேன் என்று முதல்முறையாகப் போன் செய்ததும் நான் வயலுக்கு ஓடினேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் காக்கை எச்சத்தில் முளைத்த வேம்பு ஒன்று முழங்கால் உயரம் வந்திருந்தது. நாங்கள் வைத்தது என்று நினைத்துவிட்டால்?

"விடேன், தானா மொளைச்சதுதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருக்கென்ன! கார் வருவதற்குள் நானே அதை வேரோடு பிடுங்கி வைக்கோலுக்கு அடியில் மறைத்தேன். பிடுங்கிய இடத்தைக் காலால் மிதித்துச் சமமாக்கினேன்.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வரப்பில் கொஞ்சம் நடந்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார், சுற்றிலும் பார்த்தார்.

"என்னாக்கா, இத்தினி வருஷமா பயிர் வைக்கிறீங்க. நெழலுக்கு ஒரு மரம் வச்சிருக்கக் கூடாதா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்கப்பா ஒத்துக்கணுமே தம்பி!" என்றேன்.

"ஞாயித்துக்கெழம பிளாட்டு பாக்க ஆளுங்க வராங்கக்கா. அவுங்கள எங்க நிக்க வைக்கிறது?"