பல்லுக்கு வைத்த பிரியாவிடைக் குழம்பு

கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு வந்த நாளிலிருந்து பல் டொக்டர் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை. வலது கடைவாயில் பூச்சி அரித்த ஒரு சூத்தைப் பல் இருந்தது. அதைச் சீண்டாமல் இடது பக்கத்தாலேயே சாப்பிட்டு வருடங்களை ஓட்டினேன். என் பயமெல்லாம் ஒன்றுதான். பல்லைப் பிடுங்கிவிட்டால் ஆட்டெலும்பு கடிப்பது எப்படி? சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர், சும்மா காட்டிவிட்டு வருவதாகப் போய், வாய்க்குள் பஞ்சோடு திரும்பினார். "வாயைத் திறந்தியோ, ஒண்டு போச்சு" என்றார்.

என் மனைவியிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடவில்லை. "உங்கடை முனகலாலை எனக்கு நித்திரையில்லை. இனியும் போகாட்டி நானே குறட்டாலை பிடுங்கிவிடுவன்" என்று சொல்லி, அவளே டொக்டரிடம் நாள் எடுத்தாள். அது விபூதிப் புதனில் வந்து விழுந்தது. அன்றுதான் தவக்காலம் தொடங்கும். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அதற்கு முதல்நாள் இறைச்சியை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் இறைச்சி தொடாத நாற்பது நாள் விரதத்துக்குள் போவோம்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க, திருவிழாவுக்குக் கோயில் கழுவுவதுபோலப் பல்லைத் தேய்த்தேன். அழுக்கு வாயோடு போய் யாழ்ப்பாணத்தாரின் மானத்தை வாங்கலாமா? "இத்தனை வருசமும் எங்கை போன துப்புரவு?" என்று மனைவி குத்திக் காட்டினாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவளுக்கே மனம் இளகிவிட்டது. பெரிய சட்டி நிறைய எலும்புக் குழம்பு வைத்தாள்.

"அந்தப் பல்லுக்கு இதுதான் பிரியாவிடை. ஆசை தீரச் சாப்பிடுங்கோ."

அவள் சொல்லித்தானா நான் சாப்பிட வேண்டும்? உறிஞ்சினேன், கடித்தேன், நக்கினேன். கடைசியில் ஒரு தடித்த எலும்பை இடது பக்கத்தில் வைத்து ஒரே நெரி நெரித்தேன். 'கடக்' என்றது.

"பாத்தியே, எலும்பு உடைஞ்சிட்டுது!" என்று பெருமையடித்தேன்.

மறுநாள் வாய்க்குள் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். வலது பக்கத்துச் சூத்தை சின்னதுதான், அடைத்துவிடலாம், பிடுங்கத் தேவையில்லை என்று நிதானமான பிரெஞ்சில் சொன்னார். அப்பாடா! அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். பிறகு அவர் இடது பக்கம் திரும்பினார். வாய்க்குள் விட்ட சின்னக் கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது. நல்ல பல் ஒன்று வேர்வரை பிளந்திருந்ததாம், அதுவும் புதிதாக. எதைக் கடித்தாய் என்று கேட்டார். ஆட்டுக்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியாது. திறந்த வாய் திறந்தபடியே "ம்ம்மே" என்று கத்திக் காட்டினேன். அவர் இருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துப் பல்லைப் பிடுங்கினார்.

வெளியே காத்திருந்த மனைவி ஓடிவந்தாள். "ஏனப்பா, உள்ளுக்கை ஆடு மாதிரிக் கத்தினனீங்கள்?"

வாய் நிறையப் பஞ்சோடு நடந்ததைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, தோளைத் தடவிவிட்டாள்.

"சரி, கவலைப்படாதேங்கோ. விரதம் முடிஞ்சு உயிர்த்த ஞாயிறுக்கு எலும்பில்லாத இறைச்சியாப் பாத்து வாங்குவம்."

பல்லைப் பிடுங்கும்போதுகூட வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.