மூணாம் நம்பர் மலையில் வந்த ரிசல்ட்டு

மலையகத்து லிந்துலை பஸாரில், மருந்து விற்கும் பாமசியில் வேலை பார்க்கும் லோஜினிக்கு வார இறுதியில் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. நூர்தீன் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில், பெயின்ட் வாளிகளை ஒதுக்கி, ஆறு பழைய கணினிகளை வைத்து, இலவசமாகக் கணினி சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையம் நடத்துகிறாள். வாடகை கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டு போனவளிடம் நானா, "எங்கட கடைப் புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுங்க மகள், அது போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் வந்தார்கள். தாய்மார்தான் வரவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டாலும், "கொழுந்து பறிக்கிற கைக்கு அது எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது ஒரு சனிக்கிழமை. அன்று பார்த்து மழைக்கு மரம் சாய்ந்து கரண்ட் போயிருந்தது. மேல்மாடியில் பதினான்கு பிள்ளைகள் நகம் கடித்துக்கொண்டு நிற்க, பஸாரில் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை.

"மலைக்குப் போவோம். தண்ணி டேங்கிக்கிட்ட சிக்னல் கெடைக்கும்" என்றாள் லோஜினி. பிள்ளைகளின் பரீட்சைச் சுட்டெண்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, குடைகளோடு எல்லோரும் மூணாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். அங்கே அவர்களுடைய அம்மாமார்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கூடைகள் ஒவ்வொன்றாக நின்றன.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கோபமாக வந்தார். "வேலை நேரத்துல என்ன கூட்டம் இது?"

"ரிசல்ட்டு வந்துருச்சுங்க ஐயா. பத்து நிமிசம் குடுங்க" என்றாள் லோஜினி.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். "எம்மவ நம்பரு. காலையில வீட்டுல பாத்தேன், என் போன்ல சுத்திக்கிட்டே நின்னுச்சு. மொதல்ல இதப் பாரும்மா."

லோஜினி தன் போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அவர் மகளுக்குக் கணக்கில் ஏ. ஐயா தொப்பியைக் கழற்றி மழையிலேயே நின்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தை யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மலையே கூவியது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மாவின் மகளுக்கு மட்டும் கணக்குப் பாடம் போய்விட்டது. பிள்ளை அழுதாள். ராசம்மா அவளைத் மழைக்குப் போர்த்தியிருந்த தன் படங்குக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு கேட்டாள்: "திரும்ப எழுதலாம்ல?"

"எழுதலாம்க்கா. அப்ளிகேசன நானே போட்டு விடுறேன்."

"நீ போட வேணாம் தங்கச்சி. எப்படிப் போடுறதுன்னு எனக்குக் காட்டு."

லோஜினி கொப்பியில் மகளின் சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் ராசம்மாவின் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

திரும்ப எழுதுவதற்கான விண்ணப்பம் இணையத்தில் திறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, ராசம்மா இன்னும் நாலு பெண்களோடு மாடியேறினாள். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியவள் விரலை எடுக்க மறந்ததில் திரை முழுக்க ஒரே எழுத்து ஓடியது.

"ஐயோ, இது என்னடி, பறிக்கப் பறிக்க வளருது!"

சிரிப்புச் சத்தம் கேட்டு நானா கீழேயிருந்து பிளேன்டீ அனுப்பினார். விண்ணப்பத்தை முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மகள் கணக்குக் கொப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறு பதினோரு பெண்கள் வந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று லோஜினி பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டாள்.