சாம்பல் நிற மோரிஸ் நின்ற கொட்டகை

சென்ற வாரம் சங்கரன்கோவிலில் ஒரு திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்திருந்த பழைய மோரிஸ் மைனர் காரின் கதவைத் திறந்ததும், வெயிலில் வெந்த தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்த வாசனை என்னை எங்கள் கார் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. இன்று அவ்விடத்தில் கடைகள் எழுந்துவிட்டன. அன்று, என் சிறுவயதில், வெயில் ஏறஏறச் சொடுக்கும் தகரக் கூரையின் கீழ் ஓட்டுநர் சுடலை அண்ணாச்சி எங்கள் சாம்பல் நிற மோரிஸை ஈரத் துணியால் துடைப்பார். வண்டி திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து ஒளிர்ந்து நீளும் கைகாட்டி சிக்கிக்கொண்டால், உள்ளிருந்து ஒரு குத்துவிட்டு அதை எழுப்பும் உரிமை எனக்கு மட்டுமே இருந்தது.

ஒருநாள் காரும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை.

“மதுரைக்கு ரிப்பேருக்குப் போயிருக்கு. இங்கிலாந்துல இருந்து சாமான் வரணும்” என்றார் வழக்கறிஞரான என் தந்தை. நான் நாள்தோறும் கொட்டகையைப் பெருக்கிக் காத்திருந்தேன்.

பின்னர் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் அதே மோரிஸ் நின்றது. காரை விலைக்கு வாங்கியவரிடமே வேலைக்குச் சேர்ந்திருந்த அண்ணாச்சி அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வித்து ரொம்ப நாளாச்சு தம்பி. ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னு ஐயா சொல்லிட்டாக.”

பந்தியில் ஒருவர் கேட்டார்: “என்ன வக்கீலய்யா, காரு இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிட்டோ?”

“வந்துரும் வே. நம்பலன்னா இவன்ட்ட கேளும், தெனமும் கொட்டகையப் பெருக்கி வைக்கான்” என்றார் தந்தை, என் தோளில் கைபோட்டு.

கேட்டவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் நம்பிவிட்டார்.