எழிலரசன் கொரியன் ஓட்டலுக்குள் போன ஞாயிறு

1991-ல் சேரப்பணஞ்சேரியில் பிறந்த எழிலரசன், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியின் கொரிய மேனேஜர் ஹான் சாருக்குப் பல வருடங்களாக டிரைவர். பென்னலூர் கொரியன் ஓட்டலின் வாசலும் வாட்ச்மேனும் அவனுக்கு அத்துப்படி. உள்ளே மட்டும் போனதில்லை. சார் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வண்டி முழுக்கக் கிம்ச்சி வாசனை. பூண்டும் புளிப்புமாக மூக்கில் ஏற, வண்டியிலேயே தயிர்சாதம் தின்று முடித்த இவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து, கஸ்டமராக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அப்படி ஒரு வெறி.

லீவு கிடைத்த ஞாயிறு மாலை, மனைவி தென்றலைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தே விட்டான். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன்போல் சட்டைக்கு இஸ்திரி வேறு. கிம்ச்சி சூப் கருங்கல் கிண்ணத்தில் தளதளவென்று கொதித்தபடி வந்தது, கூடவே ஒரு தட்டில் கிம்ச்சியும்.

"இன்னாய்யா, அடுப்போட தூக்கிகினு வந்துட்டாங்களா?" என்றாள் தென்றல். கிம்ச்சியை வாயில் போட்டதும் கண்ணை விரித்தாள். "கோஸ்ல போட்ட ஊறுகா மாதிரி கீது. சூப்பரு!"

எழிலரசன் ஸ்பூனை எடுத்தான். மூலை மேஜையில் ஹான் சார்! இவனைப் பார்த்ததும் பழக்கத்தில் வண்டி ரெடி என்று நினைத்துக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இவனும் சட்டென்று எழுந்தான். கை தானாகப் பாக்கெட்டைத் துழாவியது. வந்தது பைக் சாவி.

"எங்க கெளம்பிட்ட? சூப்பு ஆறுது, உக்காரு" என்றாள் தென்றல்.

எழிலரசன் சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டான். "சார், இன்னிக்கு எனக்கு லீவு! சாப்ட வந்துருக்கேன்!" என்று ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டான். ஹான் சார் விழித்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சாரி, சாரி! சாப்பிடு!" என்று கையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாய் சூப் தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. காரம், புளிப்பு, மூக்கில் தண்ணீர். எழிலரசனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் ஹான் சார் சாப்பிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு அவரை அழைத்து வந்த மாற்று டிரைவர் எங்கே டீ குடிக்கப் போனானோ, வண்டியைக் காணோம். சார் வாசலில் நின்று இங்கும் அங்கும் பார்த்தார். மேஜைக்கடியில் எழிலரசனின் கால் நிலைகொள்ளவில்லை.

"போவணுமா?" என்றாள் தென்றல்.

அவன் நாற்காலியை மேஜைப் பக்கம் இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"போவல. இன்னொரு தட்டு கிம்ச்சி கேளு."